பௌர்ணமிக்கு மட்டும் திறக்கும் பறவைப் பூங்கா

1

2000 ஜூன் 16, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபது. இடம் அடி அண்ணாமலை. வெயில் இறங்கியும் தரையின் சூடு இறங்கவில்லை. மேற்கே மேகம் கூடியிருந்தது. ஆனிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்க, நாலு தூறல் விழுந்தது. நாலு என்றால் நாலுதான். என் மூக்குக்கண்ணாடியில் மூன்று, கைக்கடிகாரத்தில் ஒன்று.

அந்த நேரத்தில்தான் என் தங்கையின் கணவர் தனசேகரன் தன் பறவைப் பூங்காவின் வாசலில் நிறுத்தி எனக்குச் சால்வை போர்த்தினார். ஜூன் மாதத் திருவண்ணாமலையில் கம்பளிச் சால்வை. உள்ளே நான் வெந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்த பலகையைப் படித்தேன். "கிரிவலப் பறவைப் பூங்கா. சிங்கப்பூர் முறையில் அமைக்கப்பட்டது. 200-க்கும் மேற்பட்ட அரிய பறவைகள். பௌர்ணமிதோறும் திறந்திருக்கும். கட்டணம் ரூ. 2."

பௌர்ணமி என்றால் பௌர்ணமி இரவு. கூட்டம் அப்போதுதான் மலையைச் சுற்றுகிறது. ஆகவே பறவைகள் எல்லாம் தூங்கப் போகும் நேரத்தில் திறந்து, அவை கண்விழிக்கும் நேரத்தில் மூடும் பறவைப் பூங்கா உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். இதைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்வதற்காக வரவழைக்கப்பட்ட வெளிநாட்டு நிபுணர் நான்.

நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுதாமல் விட்டால் தனசேகரன் வேறு மாதிரி சொல்லிவிடுவார் என்பதால் எழுதுகிறேன்.

2

நான் நிபுணரான கதையை முதலில் சொல்ல வேண்டும்.

1959-ல் சிங்கப்பூருக்கு வந்தேன். ஒரு கப்பல் பட்டறையின் சரக்குக் கிடங்கில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு எழுதினேன். எத்தனை போல்ட் வந்தது, எத்தனை நட்டு போனது, எத்தனை காணோம். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. வீட்டில் நாற்காலி நாலு, என் மனைவியோடு சேர்த்து ஆள் இரண்டு. இதை ஒரு தடவைக்கு மேல் எண்ண முடியாது. ஆகவே இங்குள்ள பறவைப் பூங்காவுக்கு மூத்தோர் ஆண்டுச் சீட்டு ஒன்று வாங்கிப் போய்வரத் தொடங்கினேன். அங்கே வேலை நிறைய இருந்தது. பூநாரையை எண்ணுவது சாதாரண விஷயம் இல்லை. ஒற்றைக்காலில் நிற்கும். காலை எண்ணி இரண்டால் வகுக்கலாம் என்று நினைத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

பார்த்ததையெல்லாம் தங்கை வசந்தாவுக்கு மாதம் ஒரு கடிதமாக எழுதினேன். பெங்குவின்களுக்குக் குளிர்சாதன அறை, வலைக்குள்ளேயே அருவி, கூண்டுக்குக் கூண்டு பெயர்ப்பலகை, உள்ளே போக இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். எழுதியதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் வசந்தா கடிதத்தில் நலம் விசாரித்த இரண்டு வரியை மட்டும்தான் படித்திருக்கிறாள். மிச்சம் மூன்று பக்கத்தையும் தனசேகரன் படித்திருக்கிறார்.

தனசேகரன் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அதை விட்டபின் காளான் வளர்த்தார். காளான் வளரவில்லை. வீடியோ கேசட் வாடகைக்கடை வைத்தார். அந்த மாதமே தெருவுக்கு கேபிள் வந்தது. மூன்றாவதுதான் பறவை.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே நடந்து போற ரோட்டுல நம்ம நெலம் இருக்குது மச்சான். அதுல மல்லாட்டை போட்டுக்கினு உக்காந்திருந்தா அண்ணாமலையாரே மன்னிக்க மாட்டாரு" என்றார் என்னிடம். மல்லாட்டை என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் நிலக்கடலை.

அனுமதிக்காக வேங்கிக்காலில் மூன்று அலுவலகம் ஏறினாராம். முதல் இடத்தில், கோழியாக இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்றார்கள். இரண்டாவது இடத்தில், காட்டுப் பறவையாக இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில், எதுவாக இருந்தாலும் முதல் இரண்டு இடத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். கடைசியில் உள்ளூரில் ஒரு பெரியவரைப் பிடித்துத் தேநீர்க்கடை என்ற பெயரில் ரசீது வாங்கிவிட்டார். அதனால் ஒரு ஸ்டவ்வும் ஆறு கண்ணாடி கிளாசும் பூங்காவின் மூலையில் கட்டாயமாக வைக்கப்பட்டிருந்தன. யாரும் டீ போட்டதில்லை.

சோதனைக்குப் போவதற்கு முன், மதியம், வசந்தா நீர்மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"ண்ணா, ஒரே ஒரு வார்த்த சொல்லிடு. 'இது தேறாது, மூடிடுங்க'ன்னு. நான் சொன்னா அவரு காதுல ஏறாது. நீ சொன்னா ஏறும்."

"நான் இன்னும் பார்க்கவே இல்லையே."

"பாத்துட்டுச் சொல்லு. பாக்காமயும் சொல்லலாம். ரோட்டோரத்து அர ஏக்கரு ஏற்கெனவே கூண்டாயிடுச்சு. இப்ப கெணத்தோட இருக்குற ஒரு ஏக்கர பேங்குல வெக்கணுமாம். திங்கக்கெழம பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வரச்சொல்றாரு. அது அப்பா எனக்குன்னு எழுதி வெச்சது. அதுவும் போச்சுன்னா எனக்கு ஒண்ணியும் இல்ல."

"முடியாதுன்னு நீயே சொல்லேன்."

"சொல்லலாம். அப்புறம் எதுத்த வூட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்குவாரு. நம்ம வூட்டுச் சோறு தொட மாட்டாரு. கேசட்டுக் கடைய மூடினப்ப பதினோரு நாளு உக்காந்திருந்தாரு. தெருவே வந்து என்னை நாயம் கேட்டுச்சு."

சரி என்றேன். கடுமையாகக் குறை சொல்லிவிட்டால் மனிதர் தானாகவே மூடிவிடுவார் என்று நம்பினேன். குறை சொல்வது எனக்குச் சிரமமான வேலை இல்லை.

3

சோதனைக்கு எங்கள் கூடவே ஒருவர் வந்தார். பச்சையப்பன் மேஸ்திரி. கையில் டேப் வைத்திருந்தார். அவர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் கூண்டு, லவ் பேர்ட்ஸ். ஆறடிக்கு நாலடி. உள்ளே நாற்பத்தாறு. ஒன்றுக்கு எழுபத்தைந்து சதுர அங்குல இடம் வருகிறது. நான் இதை எழுதும் தாள் தொண்ணூற்றாறு. எல்லாம் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தன. தனசேகரன் ட்யூப் லைட்டைப் போட்டு, ஒரு குச்சியால் வலையைத் தட்டினார்.

"ஏய், எழுந்திரு, எழுந்திரு! சிங்கப்பூர்லேர்ந்து வந்திருக்காங்க!"

நாற்பத்தாறும் ஒரே நேரத்தில் எழும்பி ஒன்றன்மேல் ஒன்று மோதின.

"மாப்ளே, இதவிட மோசமான கூண்டை நான் பார்த்ததே இல்லை" என்றேன். "சந்தையில கோழியைக் கூடையில அடைக்கிறவன்கூட இதைவிட இடம் விடுவான்."

"எவ்ளோ பெருசு வோணும் மச்சான்?"

"குறைஞ்சது நாலு மடங்கு."

"மேஸ்திரி, நாலு மடங்காம்."

"போட்ரலாம்" என்றார் பச்சையப்பன். டேப் நீண்டது.

அடுத்தது வான்கோழி, ஆறு. ஒரு பழைய ஏர்கூலர் அவற்றின் முகத்துக்கு நேரே முழங்கிக்கொண்டிருந்தது. பெங்குவினைப் பற்றி நான் எழுதியதன் விளைவு. ஆறும் அதற்குப் பயந்து எதிர்மூலையில் ஒண்டியிருந்தன.

"வான்கோழிக்கு எதுக்குக் குளிர்? அதுக்கு வேண்டியது நிழலும் மண் தரையும். இங்கே ரெண்டும் இல்லை."

"மேஸ்திரி, ஓடு போட்ட கூரை. மண் தரை."

"ஓடு இப்ப வெல ஜாஸ்தி. பரவால்ல, போட்ரலாம்."

மூன்றாவது கூண்டில் ஆள் உயரத்துக்கு ஒரு ஈமு நின்றது. ஆந்திரப் பக்கத்திலிருந்து லாரியில் வந்ததாம். பலகையில் 'நெருப்புக்கோழி' என்று எழுதியிருந்தது.

"இது நெருப்புக்கோழி இல்லை. ஈமு."

"தெரியும் மச்சான். ஈமுன்னு எழுதினா ஈ மாதிரி எதுவோன்னு போயிடுவாங்க. நெருப்புக்கோழின்னா கைக்கொழந்தைக்கும் தெரியும்."

"ரெண்டுக்கும் காலில் விரல்கூட வேறயாச்சே. நெருப்புக்கோழிக்கு ரெண்டுதான்."

"எவன் குனிஞ்சு வெரல எண்ணுவான்?"

நான் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று.

அடுத்து நாலு முயல். பறவைப் பூங்காவில் முயலுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "கூட்டம் கேக்குது" என்றார். புறா இருபத்திரண்டு, கினிக்கோழி ஐந்து, வாத்து ஒன்பது. முயலைத் தள்ளிவிட்டு மொத்தம் கூட்டினேன். எண்பத்தொன்பது.

"பலகையில இருநூறுக்கு மேலன்னு போட்டிருக்கே?"

"அது முட்டையும் சேத்து மச்சான்."

அருவி இருந்தது. நீலம் அடித்த சிமென்ட் பாறையின் தலையில் ஒரு குழாய். மோட்டார் போட்டால் தண்ணீர் வழிந்து நேராக வாத்துகளின் தீவனத் தொட்டிக்குள் விழுந்தது. இரட்டைக் கதவும் இருந்தது. முதலாவது இரும்பு, இரண்டாவது வசந்தாவின் பழைய புடவை. ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டேன். காற்றோட்டம் இல்லை, வடிகால் இல்லை, எலி வராமல் தடுக்கச் சுற்றுத்தளம் இல்லை, நோயுற்ற பறவையைத் தனியே வைக்க இடம் இல்லை. மொத்தம் பத்தொன்பது குறை. கப்பல் பட்டறையில் இருந்த காலத்திலும் நான் இவ்வளவு முழுமையான அறிக்கை கொடுத்ததில்லை. ஒவ்வொரு குறைக்கும் தனசேகரன் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அது மலர்ந்துகொண்டே போனது.

வசந்தா காபியுடன் வந்தபோது மேஸ்திரி கூட்டி முடித்திருந்தார்.

"மொதல்ல நாம பேசினது எம்பதாயிரம். இப்ப இவரு சொல்ற மாதிரி கட்டணும்னா ஒண்ணே முக்கா லட்சம் ஆவும்."

"ஆவட்டும்" என்றார் தனசேகரன். "அரகொறையா கட்டினா மச்சான் மாதிரி வெவரம் தெரிஞ்சவங்க காறித் துப்புவாங்க. பேங்குல அதுக்கேத்த மாதிரி கேட்ரலாம். நெலம் தாங்கும்."

வசந்தா டம்ளரை என் கையில் கொடுத்தாள். காதருகே மெல்லச் சொன்னாள்.

"மூடச் சொல்லுன்னு சொன்னா, அரமன கட்டச் சொல்லிட்டு வந்து நிக்கிற."

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் இன்று காலைதான் ஆண்டுச் சீட்டைப் புதுப்பிக்கப் போனேன்.

முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், போன வருஷம் இருபத்தாறு தடவை வந்திருக்கீங்க. இங்கே வேலை பார்க்கிறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். புதுப் படம் வேண்டும் என்றாள். படம் கொடுத்தேன். படத்தில் காது தெரியவில்லை என்றாள். பூநாரையைப் பார்க்கப் போகிறவனுக்குக் காது எதற்கு என்று தெரியவில்லை. வெளியே போய்க் காது தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்து வந்தேன்.

என் மகள் கயல்விழிக்கு இருபத்தெட்டு வயது. ஐந்து வயதில் இதே பூங்காவில் வீட்டுக்கு வரமாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதவள். இப்போது உள்ளே காலெடுத்து வைக்க மாட்டாள். "எந்தக் கூண்டா இருந்தாலும் தப்புப்பா, நல்ல கூண்டுன்னு ஒண்ணு கிடையாது" என்பாள். இதைச் சொல்லும்போது அவள் கையில் கோழிச்சோற்றுப் பொட்டலம் இருக்கும். 2000-இல் ஊருக்கு வா என்றபோது விடுமுறை இல்லை என்றாள். அதே வாரம் சிநேகிதிகளோடு பாலித் தீவிலிருந்து படம் அனுப்பினாள். அத்தையின் பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசிக்கிறாள். ஒரு நொடிதான், ஆனால் நான் அதை எண்ணிவிடுகிறேன்.

பறவைப் பூங்காவுக்குப் போய்வரும் கிழவன் என்றதும், நாங்களும் இங்கே கூண்டுப் பறவைகளே என்று எழுதப்போகிறேன் என நினைத்திருப்பீர்கள். இல்லை. எங்கள் வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. எந்தக் கூண்டுப் பறவைக்கும் பேருந்து அட்டை இல்லை. மூத்தோர் சலுகையும் கிடையாது. இந்த உவமையைப் பயன்படுத்துகிறவர்கள் கூண்டையும் பார்த்ததில்லை, புலம்பெயர்ந்தவனையும் பார்த்ததில்லை.

5

அன்றிரவு ஏழே முக்காலுக்குக் கூட்டம் வந்து சேர்ந்தது. மாலையில் கோயிலிலிருந்து கிளம்பியவர்கள் பாதி வழிக்குமேல் நடந்து, செருப்பில்லாத காலோடு, சோர்ந்துபோய் எங்கள் பூங்கா வாசலுக்கு வருகிற நேரம் அது. மலையின் தோளில் நிலா ஏறியிருந்தது. தனசேகரன் என்னைச் சால்வையோடு சீட்டுக் கொடுக்கும் மேசையில் உட்காரவைத்தார். வெளிநாட்டு முகம் வாசலில் இருந்தால் மதிப்பு என்பது அவர் எண்ணம். என் முகம் அடி அண்ணாமலையிலேயே பிறந்தது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

முதலில் வந்த அம்மாவிடம், "ரெண்டு வெள்ளி" என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது.

"இன்னிக்கி ஒரு வெள்ளிதான் சார், நாளைக்கி சனி" என்றாள் அவள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சால்வைக்காரர் எந்த ஊரோ என்று பேசிக்கொண்டார்கள்.

மேசையில் உட்கார்ந்தபின் எண்ணாமல் இருக்க முடியுமா? வாசல் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் கூண்டுகள். இடப்பக்கம் ஒரு கல் பெஞ்சு, ஒரு தண்ணீர்த் தொட்டி, தகரக்கதவு போட்ட இரண்டு கழிப்பறைகள். பூங்கா என்றால் சுத்தமான கழிப்பறை அவசியம் என்று ஏதோ ஒரு கடிதத்தில் நான் எழுதியிருந்தேனாம். பூங்காவிலேயே ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது அது ஒன்றுதான்.

ஒன்பதே கால் வரை உள்ளே போனவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வலப்பக்கம் திரும்பியவர்கள் முப்பத்தொன்று. இடப்பக்கம் நூற்று எண்பத்தொன்று.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. எழுந்துபோய் இடப்பக்க வரிசையின் ஓரத்தில் நின்றேன். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று முன்னால் நின்றது.

"பறவை அந்தப் பக்கம்ங்க" என்றேன், கடமைக்காக.

"பறவ கெடக்குது. எங்க போயிடப் போவுது?" என்றாள் குடும்பத்தின் பெரியம்மா. "எட்டு மைலு ஒரு எடம் இல்லியே. ஆம்பளைங்க மரத்தோரமா நின்னுடுவாங்க, நாங்க எங்க போவோம்? ரெண்டு ரூவா இல்ல, அஞ்சு ரூவா கேட்டாலும் குடுத்திருப்பேன்."

"உள்ள போனவங்க கிரிவலத்த உள்ளயே முடிச்சிடுவாங்க போலக்குதே" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏம்மா, சீக்கிரம் வாங்கம்மா! அண்ணாமலையார் மேல சத்தியமா தாங்கல!"

வலப்பக்கம் போனேன். அங்கிருந்த முப்பத்தொரு பேரில் பதினாலு பேர் இடப்பக்கம் போன மனைவிக்காகக் காத்திருந்த கணவன்மார். பதினோரு பேர் முயல் பார்த்தார்கள். உண்மையில் பறவை பார்த்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேருக்காகத் தனசேகரன் வேர்த்து விறுவிறுத்துக் கூண்டு கூண்டாகக் குச்சியால் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். ஒரு புறா எழுந்து, அவரைப் பார்த்து, மறுபடி தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

6

சனிக்கிழமை காலை, இட்லி சாப்பிடும்போது, கணக்கை வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் ஆறு. மீதி எல்லாம் எதற்காக வந்தார்கள் என்பதையும் சொன்னேன்.

"கூண்டு ஒண்ணுகூட வேண்டாம் மாப்ளே. பேங்கும் வேண்டாம். இன்னும் ஆறு ரூம் கட்டினாப் போதும். பௌர்ணமிக்கு ஆயிரம் பேரு வருவாங்க."

தனசேகரன் இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

"அப்போ நான் யாரு மச்சான்? கக்கூஸ் காண்ட்ராக்டரா?"

"அப்படிச் சொல்லலை."

"வேற எப்டி? சின்னப் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில 'பறவைப் பூங்கா உரிமையாளர்'னு போட்டிருக்குது. சம்பந்தி வூட்டுல அதப் பாத்துட்டுத்தான் எழுந்து நின்னு கும்பிட்டாங்க. நாளைக்கி அவங்க கிரிவலம் வந்தா இன்னான்னு காட்டுவேன்? வாங்க, ஒக்காருங்கன்னா?"

வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தப்பாகப் போயிற்று. அவர் எழுந்து கை கழுவி, எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அங்கிருந்தே, "திங்கக்கெழம பத்து மணி. சேலை மாத்திக்கினு ரெடியா இரு. நீ வரலன்னா நான் இங்கியே கெடக்குறேன்" என்று சுவரிடம் சொன்னார்.

அன்று மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. எதிர்வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டார். தெரு, வழக்கம்போல, வசந்தாவிடம் வந்தது. சனிக்கிழமை நாலு பேர், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஏழு பேர். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஒரு கையெழுத்துக்காகக் கட்டினவரை இப்படி வாசலில் உட்காரவைக்கலாமா?

ஞாயிறு மாலை அவள் பத்திரத்தை எடுத்து வெளியே வைத்தாள். மேலே தன் மூக்குக்கண்ணாடியை வைத்தாள்.

"போட்டுடுறேன் ண்ணா. நீ செவ்வாக்கெழம பிளேன் ஏறிடுவ. நான் இவங்க நடுவுலதான் இருக்கணும்."

நான் அந்தக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன்.

"பேங்குப் பணம்னா அவரு இஷ்டத்துக்குக் கூண்டுதான் கட்டுவாரு. வேற யாரு பணமாவது இருந்தா அவங்க சொன்னதக் கட்டணும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் பத்திரத்துக்குப் பணம் கிடையாது.

அன்று நான் பட்ட அவஸ்தையை எழுதக் கூச்சமில்லை. நாற்பத்தொரு வருடம் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்தது. என் மனைவியின் மூட்டு அறுவைக்கு என்று ஒதுக்கிய தொகையும் அதற்குள் இருந்தது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அப்பா நிலத்தைப் பிரித்தபோது கிணற்றுப் பக்கத்தை வசந்தாவுக்கு எழுதியதற்குக் காரணம், மகன் வெளிநாட்டில் பார்த்துக்கொள்வான், மகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதுதான். அவர் கணக்கு ஒழுங்கான கணக்கு. கடைசியில் தெருவைக் கடந்துபோய் எதிர்வீட்டில் இன்னொரு நாற்காலி கேட்டு வாங்கித் தனசேகரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆறு ரூமும் நான் கட்டித் தரேன் மாப்ளே."

"வோணாம். ஊரு என்னைத்தான் சொல்லும்."

"உங்களைச் சொல்லாது. உபயம்னு என் பேரை எழுதிடுங்க."

அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். இரண்டு நாளில் முதல் தடவை.

"உபயமா?"

"உபயம். கட்டினது நான். நீங்க இடம் குடுத்த பெரிய மனுஷன். பூங்கா ஓனர்."

மலைசுற்றும் பாதையில் தண்ணீர்ப் பந்தலுக்கும் விளக்குக்கும் உபயக்காரர் பெயர் எழுதுவது எங்கள் ஊரில் மரியாதைக்குரிய விஷயம். இதற்கு எழுதக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. இதற்கு யாரும் எழுதியதும் இல்லை.

"சிங்கப்பூர்னும் எழுதணும்" என்றார்.

"எழுதுங்க."

"கதவுக்குக் கதவு எழுதணும். இல்லன்னா ஒண்ணு மட்டும் உங்களுது, மத்ததெல்லாம் என்னுதுன்னு ஆயிடும்."

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். நிலப்பத்திரம் வசந்தாவின் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. பொழுது சாய்ந்தபின் கூண்டுப் பக்கம் விளக்கும் எரியக்கூடாது, குச்சியும் போகக்கூடாது. முதலாவதற்கு உடனே தலையாட்டினார். இரண்டாவதற்குத்தான் வாதாடினார். பறவை தெரியாவிட்டால் அது எப்படிப் பறவைப் பூங்கா என்று கேட்டார். தூங்குகிற பறவையைத் தொந்தரவு செய்யாததுதான் சிங்கப்பூர் முறை என்றேன். அவர் எழுந்துவந்து எங்கள் வீட்டில் இரண்டு தோசை கேட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மூன்று பேருமே பேங்குக்குப் போனோம். என் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து வசந்தாவின் கையில் கொடுத்தேன். அவள் எண்ணவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கி நானே இன்னொரு தடவை எண்ணிக் கொடுத்தேன்.

7

அந்த செப்டம்பரில் படம் வந்தது. புதிதாக ஆறு கதவு, ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு நாலு. அந்தப் பிரிவினை வசந்தாவுடையது. ஒவ்வொரு கதவிலும் சிவப்பு எழுத்தில், 'உபயம் சிங்கப்பூர் வே. நடராசன்.' ஊரில் என் பெயர் என்றாவது எங்காவது எழுதப்படும் என்று நான் நினைத்துக்கொண்டதுண்டு. இடத்தை மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை. படத்தை மகளிடம் காட்டினேன். அவள் தமிழ் படிக்கச் சிரமப்படுகிறவள். இதை மட்டும் ஒரே மூச்சில் படித்து, சோபாவில் விழுந்து சிரித்தாள். பிறகு, "அத்தைக்கு போன் போடுங்கப்பா, பேசணும்" என்றாள்.

பூங்கா இன்னும் இருக்கிறது. பலகையில் ஒரு வரி கூடியிருக்கிறது. "பறவைகள் உறங்குகின்றன. சத்தம் போடாதீர்கள்." பௌர்ணமிதோறும் ஜனங்கள் இரண்டு ரூபாய் கொடுத்து உள்ளே போய், பறவைகளைப் பார்க்காமல், மிகுந்த திருப்தியோடு வெளியே வருகிறார்கள். தனசேகரன் இப்போதும் பறவைப் பூங்கா உரிமையாளர்தான். சம்பந்தி வீட்டார் வந்தபோது இருட்டில் கூண்டுகளைக் காட்டி, நெருப்புக்கோழி தூங்குவதாகச் சொன்னாராம். கிணற்றுப் பக்கத்து ஒரு ஏக்கரில் வசந்தா இந்த வருடமும் மல்லாட்டை போட்டிருக்கிறாள்.

போன பௌர்ணமிக்கு மறுநாள் தொலைபேசியில் பேசினாள்.

"ண்ணா, நேத்து ஒரு அம்மா வெளிய வந்து, கதவுல உம் பேரப் படிச்சு, ரெண்டு கையும் தூக்கிக் கும்பிட்டாங்க. 'இந்த மனுஷன் புள்ள குட்டியோட நூறு வருசம் இருக்கணும்'னு."

கோயிலுக்கு விளக்குக் கொடுத்தவர்களைக்கூட யாரும் இவ்வளவு மனப்பூர்வமாக வாழ்த்தியிருக்க மாட்டார்கள்.

செலவு விவரம்: ஆறு அறைகள், கழிவுத்தொட்டி, குழாய், ஆட்கூலி உட்பட ரூ. 61,200. தகரக்கதவு ஆறு, ஒன்று 450 வீதம் ரூ. 2,700. வெள்ளையடித்தது ரூ. 900. பெயர் எழுதியவருக்கு எழுத்துக்கு மூன்று ரூபாய், கதவுக்குப் பதினாறு எழுத்து, ஆறு கதவுக்கு ரூ. 288. ஆக மொத்தம் எனக்கு ஆனது ரூபாய் அறுபத்தையாயிரத்து எண்பத்தெட்டு.